மைசூரில் காற்று வாங்குதல்

2016-இல் நாட்டின் தூய்மையான நகரமாக முதலிடம் பெற்ற மைசூருக்குக் காற்றுச் சுத்திகரிப்பான் இன்றியமையாதது. சாமுண்டி மலைக் காற்று இலவசமாக வருவதால் அதன் தரத்தை நம்ப முடியாது. முதலில் சன்னலை அடைக்க வேண்டும். சுத்திகரிப்பானில் உள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடும். மணிக்கு எவ்வளவு காற்றைத் தூய்மையாக்கும் என்று அறையளவோடு ஒப்பிட்டு வாங்குவது கருமிகளின் வழி. சோபாவின் நிறம் பார்த்து வாங்குவதே மரபு. கடைகளில் சுத்திகரிப்பான் திறந்த வாசலுக்கு எதிரே அமர்ந்து, சாலை முழுவதையும் சுத்தம் செய்யும். வீட்டில்தான் சிக்கல்: காற்று சுத்தம் எனக் காட்டும் பச்சை விளக்கு மாறவே மாறாது, போட்ட பணம் உறுத்தும். மருந்து உள்ளூரிலேயே உண்டு. புவிசார் குறியீடு பெற்ற மைசூர் ஊதுவத்தி இரண்டு கொளுத்தினால் விளக்கு சிவந்து, இயந்திரம் உறுமும். ஊதுவத்தி மலிவு, மாற்று வடிகட்டி அப்படியல்ல.