கரகரப்பு வரலையேன்னு அழுத பேரன்

ஏலே, மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கே? பொண்ணு பாக்கப் போன எடத்துல காப்பித்தண்ணி குடுக்காம அனுப்பிட்டாவளா? ஓ, பெட்டி பாடலையா. இரு, கண்ணாடிய மாட்டிக்கிடுதேன்.

எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. நாப்பது வருசம் இந்தத் தாத்தன் ரேடியோ கடையில குனிஞ்சு உக்காந்து கரகரப்ப எடுத்தேன். கரகரப்பு போனாத்தான் காசு. நீ என்னடான்னா கிடாருக்குக் கரகரப்பு வேணும்னு சொந்தக் காசைப் போட்டுப் பெட்டி செய்யுதே, அது வரலன்னு அழுவுதே! கேட்டா சரித்திரம் படிக்கே. 1961ல வெளிவந்த ஒரு பாட்டை நாஷ்வில்லுல பதிவு பண்ணும்போது மிக்சர் பழுதாகி பேஸ் கிடார் சத்தம் கிழிஞ்சுபோச்சாம். இதுவும் நல்லாத்தான் இருக்குன்னு அப்படியே விட்டுட்டாவளாம். மறு வருசமே அந்தப் பழுதை டப்பாவுல அடைச்சு விக்க ஆரம்பிச்சுட்டாவளாம். அந்த மிக்சர் நம்ம கடைக்கு வந்திருந்தா பத்து நிமிசத்துல சரி பண்ணிக் குடுத்திருப்பேன்லே. நல்லவேள, தப்பிச்சிய.

சரி, திற. ஃபஸ் ஃபேஸ்தானே? 1966ல லண்டன்ல வந்த வட்டப் பெட்டி. டிரான்சிஸ்டர் ரெண்டு, ரெசிஸ்டர் நாலு, கெப்பாசிட்டர் மூணு, திருகுற குமிழ் ரெண்டு. ஆக 11 உருப்படி. பதினொண்ணுக்குள்ள எத்தனை தப்பு பண்ண முடியும்னு பாத்தா, நீ பெரிய கெட்டிக்காரன்தான்.

டிரான்சிஸ்டர் போயிருச்சுன்னு நெனைக்கியா? நான் குடுத்த ஏசி 128 மேலயா சந்தேகம்? வீட்டுல மோதிரம் காணலன்னா மொதல்ல வேலைக்காரியத்தான் பாப்பாவ, மோதிரம் தலகாணிக்கு அடியில கெடக்கும். அந்த ஜோடி 30 வருசமா பாடுன ஜோடி. எங்க இருந்து எடுத்தேன்னு இப்பக் கேக்காதே.

கிடார் வயர் சொருகுற சாக்கெட்டைக் காட்டு. மூணு காது இருக்குல்லா? நுனிக் காது கிடார் சத்தத்துக்கு. நடுக்காதுல பேட்டரி வயரு. வயரைச் சொருகினா நடுக்காது பூமியோட சேந்துக்கிடும், பெட்டிக்கு உசிர் வரும். பிடுங்கினா தூங்கிரும். சுவிட்சுக் காசு மிச்சம், நல்ல ரோசனை. நீ ரெண்டு காதையும் மாத்தி ஒட்டியிருக்கே. பேட்டரி ஒன் கிடாருக்குள்ள போவுது, கிடார் சத்தம் பூமிக்குள்ள போவுது. மண்புழு கேட்டு ரசிச்சிருக்கும். மாத்து.

இப்பவும் இல்லையா? ஒப்பன் மாதிரி ஒடனே எல்லாத்தையும் பிச்சுப் போடாதே. வாய்க்கால்ல தண்ணி வரலன்னா என்ன செய்வோம்? மடையில இருந்து கரையோட நடந்து எங்க நிக்குதுன்னு பாப்போம். ஒரு வயர் நுனியில 104 கெப்பாசிட்டரை ஒட்டு. வயரோட மறு நுனியை ஆம்ப்ளிஃபயர்ல குடு. ஆம்ப்ளிஃபயர் பூமியும் பெட்டி பூமியும் சேந்திருக்கணும். இப்பக் கிடாரைத் தட்டிக்கிட்டே கெப்பாசிட்டர் காலால ஒவ்வொரு எடமா தொட்டுட்டு வா. சாக்கெட்டுல கேக்கா? கேக்கு. மொத டிரான்சிஸ்டர் பேஸ்ல? கேக்கு. கலெக்டர்ல? பாத்தியா, ஊமை. தண்ணி அங்கதான் நிக்குது.

மீட்டரை எடு. ரெண்டாவது டிரான்சிஸ்டர் கலெக்டர்ல வை. மைனஸ் காட்டுதேன்னு முழிக்காதே, இந்த டிரான்சிஸ்டருக்கு பேட்டரியோட பிளஸ்தான் பூமி. (அதனால மத்த பெட்டிகளோட ஒரே அடாப்டர்ல இதையும் கோத்துராதே, ஷார்ட்டாயிரும்.) பாதி, நாலரை வோல்ட் வரணும். ஒனக்கு முழு ஒம்பதும் நிக்குது. அப்ப அது வேலையே பாக்கல, சம்பளம் மட்டும் வாங்கிட்டு உக்காந்திருக்கு. அதை எழுப்புற கரண்டு மொதல்வன் கலெக்டர்ல இருக்க ரெசிஸ்டர் வழியாத்தான் வரும். ஆரஞ்சுக் கோடு மூணு போட்டிருக்கே, 33 கிலோ ஓம், அதான். அதோட காலைப் பாரு.

இதுக்குப் பேரு சால்டரிங்காடா? ஆட்டுப் புழுக்கையாட்டம் உருண்டு நிக்குது. டிரை சால்டர். நீ ஈயத்தை இரும்புல உருக்கிச் சொட்டு விட்டிருக்கே, கோயில்ல தீர்த்தம் தெளிக்கிற மாதிரி. மொதல்ல ரெசிஸ்டர் காலையும் செம்புத் தகட்டையும் சூடு காட்டு, பொறவு ஈயத்தை அங்க கொண்டுபோ. தானா ஓடிப் படியும், பளபளன்னு. சூடு ஆறுற வரைக்கும் ஆட்டாதே. ஆங்… ஊதாதே! ஊதுறதுக்கு அது என்ன கஞ்சியா?

இப்ப மீட்டரு என்ன சொல்லுது? நாலரைக்குப் பக்கத்துலயா? மிதி சுவிட்சை.

யம்மாடி! இதுக்கா இம்புட்டுப் பாடு? தகரத்தை ரோட்டுல இழுத்த மாதிரில்லா இருக்கு. இன்னும் குமிழைத் திருப்பாதே, கோழியெல்லாம் அடை விட்டு எந்திரிச்சிரும்.

ஒண்ணு கேட்டுக்க. இது ஜெர்மானியம், சூடு ஏறுனா உள்ள கசியும். லண்டன் குளிருக்குச் செஞ்ச வித்தை. கத்திரி வெயில்ல மொட்டை மாடியில வச்சு வாசிச்சுட்டு, தாத்தா, சத்தம் மாறிருச்சுன்னு ஓடிவராதே. நெழல்ல வை, சாயங்காலம் வாசி.

சத்தத்தைக் கொற, ஆச்சி வாரா. கெழக்கு அறையில இருக்க அவ ரேடியோவ ஞாயித்துக்கிழமைதான் திருப்பிப் பாப்பா. ஏன் பாடலன்னு கேட்டா பேட்டரி இல்லன்னு சொல்லு. ஏசி 128ன்னு ஒரு பேர நீ கேள்விப்பட்டதே இல்ல, என்ன?