வரிசையில் நிற்க நேரமில்லை

ஓட்டுப் போடாதவரைச் சோம்பேறி என்று ஏசுவது பாவம். தமிழ்நாட்டில் 2024 மக்களவைத் தேர்தல் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. ஒட்டினாற்போல சனி, ஞாயிறு. இப்படி அமைந்த மூன்று நாளை திருப்பதி ஏழுமலையானுக்குத் தராமல் வேட்பாளருக்கா தருவது? மாநிலம் 69.72 சதவீதம் ஓட்டுப் போட்டது. மத்திய சென்னை 53.96-இலேயே நிறுத்திக்கொண்டது. மிச்சப்பேருக்குப் பக்தி அதிகம்.

காரணம் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். வாக்குச்சாவடியில் அரைமணி நேரம் நிற்க இடுப்பு ஒத்துழைக்காது. திருமலை வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில், பாலும் உப்புமாவும் வாங்கிக்கொண்டு, பதினெட்டு மணி நேரம் அடைந்து கிடக்க அதே இடுப்பு சம்மதிக்கிறது. விரலில் ஒரு சொட்டு மை என்றால் அலர்ஜி. மொட்டையடிக்கும் கல்யாணகட்டாவில் தலையையே கொடுத்துவிட்டு வருகிறார்கள். தவிர, சாவடியில் லட்டும் கிடையாது, 300 ரூபாய் தரிசன டிக்கெட்டும் கிடையாது. பணக்காரரும் ஏழையும் ஒரே வரிசையில் நிற்கும் இடத்துக்குக் கௌரவமானவர்கள் எப்படிப் போவார்கள்?

ஓட்டு வீணாகிறதே என்ற கவலையும் வேண்டாம். 2021 ஏப்ரல் 17, திருப்பதி மக்களவை இடைத்தேர்தல். வெளியூர்க்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து கள்ள ஓட்டுப் போடுவதாக எதிர்க்கட்சிகள் கூச்சலிட்டன. அவர்கள் சாமி கும்பிட வந்த பக்தர்கள் என்றது ஆந்திராவின் அன்றைய ஆளும் தரப்பு. பிறகு அதே தேர்தலின் வாக்காளர் அட்டை முறைகேட்டில் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியே இடைநீக்கமானார்.

ஆகவே நீங்கள் நிம்மதியாக மலையேறலாம். உங்கள் ஓட்டைப் போட யாராவது ஒரு பக்தர் இறங்கி வந்துகொண்டிருப்பார்.