ஒரு பானை, ஆறு பெட்டி

மானாமதுரையில் ஒரு குயவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த பானைகளை விரல் மடக்கித் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். 1986 கோடை. கடத்துக்குப் பேர்போன ஊர் என்பதால் தட்டிப் பார்க்கும் ஆட்கள் அவருக்குப் புதிதல்ல. "தண்ணிக்கா தம்பி, கச்சேரிக்கா?" என்று கேட்டார். "ஸ்பீக்கருக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பானையில தண்ணி ஊத்துவாங்க, கஞ்சி ஊத்துவாங்க. கரண்ட ஊத்துற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

மதுரையில் ஒரு சலூனில் முடிவெட்டப் போய்ப் பிடித்த பைத்தியம் அது. நாலு மூலையிலும் உறியில் நாலு பானை, பானை வாயில் ஸ்பீக்கர். முடி வெட்டி முடித்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் சவரமும் செய்துகொண்டேன், அப்போது எனக்கு மீசையே சரியாக முளைத்திருக்கவில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு சலூனோ டீக்கடையோ கட்டாயம் இருந்திருக்கும். கண்ணை மூடினால் அந்த 'தும் தும்' இப்போதும் உங்கள் அடிவயிற்றில் கேட்கும்.

எங்கள் ஊர் ரேடியோ கடை அண்ணன்தான் எனக்குச் சூட்சுமம் சொன்னவர். ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. வெறுமனே மேஜைமேல் வைத்தால் முன்னால் போன பேஸைப் பின்னால் வந்தது சுற்றி வந்து தின்றுவிடும். பின்னால் வருவதை எதற்குள்ளாவது பிடித்து அடை, அவ்வளவுதான். மரப்பெட்டி செய்ய ஆசாரிக்குக் கொடுக்கப் பணமில்லாத தேசத்தில் பானைதான் பெட்டி. பானை வாய்க்கும் எட்டு இஞ்சு ஸ்பீக்கருக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அடைத்தோம். 4440 ஐ.சி. போட்ட ஆம்ப்ளிஃபயர், பக்கத்துக்கு 6 வாட். ஸ்பீக்கரில் எது பிளஸ், எது மைனஸ் என்று அழிந்துபோயிருந்தால் ஒரு பென்சில் பேட்டரியை ஒயரில் தொட வேண்டும். கூம்பு வெளியே எம்பினால் பேட்டரியின் பிளஸ் பட்டதுதான் பிளஸ். இந்தப் பாடத்துக்கு அண்ணன் வாங்கிய கட்டணம் ஒரு டீ, ஒரு வடை.

முதல் பாட்டு ஓடியதும்தான், இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் என்று ஒரு ஆள் அத்தனை நாளாகத் தனியாக இன்னொரு பாட்டு வாசித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப்ரிக்கார்டரின் மூன்று இஞ்சு வாய்க்குள் அந்த ஆளுக்கு நிற்க இடமே இருந்திருக்கவில்லை. பானையைத் திண்ணையில் தெருப் பார்க்க வைத்தேன். எதிர்வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்த அக்காக்கள் தாளத்துக்குத் தட்ட ஆரம்பித்தார்கள். மாட்டை அவிழ்க்க வந்த தாத்தா, "இவ்வளவு சத்தம் வருதே, அதுல பாகவதர் வருவாராடா?" என்று கேட்டுவிட்டு, வராது என்று தெரிந்தும் கல்மேல் உட்கார்ந்துகொண்டார். காலை எட்டரைக்குத் தட்டச்சு வகுப்புக்குப் போகிற ஒருத்திக்காக நான் பேஸைக் கூட்டி வைப்பேன். ஓட்டு இடுக்கிலிருந்து மண் உதிரும். அவளுக்கு ட்ரெபிள்தான் பிடிக்குமோ என்னவோ, ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு 'ஜுராசிக் பார்க்' வந்தது. டி.டி.எஸ் 1993-ல் அந்தப் படத்தோடுதான் பிறந்தது என்பார்கள். நான் பார்த்த கொட்டகையில் அது இருந்ததா என்பது வேறு விஷயம், டம்ளர் தண்ணீர் நடுங்கியதைப் பார்த்த கண்ணே காதுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொண்டது. வீட்டிலும் அப்படி நடுங்க வேண்டும் என்று அன்று நினைத்தேன். நடுவே பல வருஷம் கல்யாணம், மாற்றல், வீட்டுக்கடன் என்று போய்விட்டது. அந்த நாட்களில் வாங்கிய ஒரு செட்டின் அட்டைப்பெட்டியில் '2000 வாட் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருந்ததையும், அது என் பானையின் பாதிச் சத்தம்கூடப் போடாததையும் மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, அடுக்ககத்து இரண்டாம் மாடியில், என் கனவு 5.1 ஆக வந்து இறங்கியது. ஆறு பெட்டி. "அஞ்சு சரி, அதென்ன பாயின்ட் ஒண்ணு? பத்துல ஒரு பங்கு ஸ்பீக்கரா?" என்று மனைவி கேட்டாள். உருவத்தில் இருப்பதிலேயே தடியானது அதுதான். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் தொடாத, உறுமலுக்கென்றே ஒதுக்கிய தடம் அது, அதனால்தான் புள்ளி போட்டு ஓரமாக வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். வீட்டில் ஓரமாக உறுமிக்கொண்டிருக்கிற இன்னொருவரை அவள் பார்த்த பார்வையில் விளக்கம் போய்ச் சேர்ந்தது தெரிந்தது.

முன்னால் இரண்டு பெட்டிகள் நடுக்கோட்டிலிருந்து 30 டிகிரியில். பக்கவாட்டுப் பெட்டிகள் 110 டிகிரியில், காதுக்குச் சற்றுப் பின்னால் என்பது விதி. நான் கோணமானியும் நூலுமாக அளந்து பார்த்தால் இடது 110-ல் குளியலறைக் கதவு, வலது 110-ல் பிரிட்ஜ். அந்தப் பாயின்ட் ஒண்ணான சப் ஊஃபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காதுக்குத் தெரியாது என்று ஆறுதல் சொல்லியிருந்தார்கள். வைத்துவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தால் பேஸையே காணோம். எழுந்து சமையலறைச் சுவரோரம் போனால் அங்கே எவர்சில்வர் டம்ளர்கள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டிருக்கின்றன. கணக்குப் போட்டேன்: பதினான்கு அடி ஹால், 40 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி அதற்குள் கச்சிதமாக அடங்கும், அப்போது சுவரோரங்களில் முழக்கம், நட்டநடுவில் வெறுமை. என் சோபா இருந்தது சரியாக ஏழாவது அடியில்.

இதற்கு உலகம் முழுக்க ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். சப் ஊஃபரைத் தூக்கிச் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, நாம் தரையில் தவழ்ந்துபோய், காதுக்கு எங்கே பேஸ் நன்றாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். முட்டி வலிக்குத் தைலம் தடவிக்கொண்டிருக்கும் மனிதன் நான். தவழ்ந்தேன். பேரன் ஓடிவந்து முதுகில் ஏறிக்கொண்டான். "என்னத்தத் தேடுறீங்க, கண்ணாடியா?" என்று மனைவி கேட்க, "பேஸ்" என்றேன். அது அற்புதமாகக் கேட்ட இடம் பூஜையறை வாசல். கடைசியில் பெட்டி போனது அவள் கைகாட்டிய இடத்துக்கு; சோபாவை இரண்டடி பின்னால் தள்ளியதோடு சமாதானம் ஆனோம்.

காது போதாதென்று மைக் வைத்து அளக்கும் வசதியும் இந்த 5.1 செட்டில் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் 'ஊய்ய்ங்' என்று ஒரு ஊளை வரும், வீடே மூச்சடக்க வேண்டும். மூன்றாவது ஊளைக்குக் குக்கர் விசில் பதில் சொன்னது. 'அறையில் சத்தம் அதிகம்' என்று திரையில் கண்டனம். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை, வலது பின்பெட்டி தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கிறது என்றது. ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி ஒயரில் தொட்டேன். கூம்பு உள்ளே போனது. அண்ணனுக்கு ஒரு வடை பாக்கி.

எல்லாம் முடிந்து விளக்கணைத்து டைனோசரை வரவழைத்தேன். டம்ளர் நடுங்கியது. பத்தாவது நிமிடத்தில் கீழ்வீட்டுக்காரர், "சார், எங்க சீலிங்ல மிருகம் நடக்குது" என்று போன் செய்தார். இப்போதெல்லாம் இரவு நிலை என்ற ஒன்றை அழுத்தி, பேஸை அடக்கித்தான் படம் பார்க்கிறேன். பார்க்கிறேன் என்றால் நான் மட்டும். ஆறு பெட்டியின் அளவும் கோணமும் தூரமும் ஒற்றை இருக்கைக்காகத்தான் கூட்டப்பட்டிருக்கிறது. ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் ஹெலிகாப்டர் வேறு பக்கம் பறக்கும். மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆளுக்கொரு செல்போனும் காதில் இரண்டு குமிழும் போதும்.

போன மாதம் ஊருக்குப் போகும் வழியில் மானாமதுரையில் இறங்கினேன். அதே தெரு, திண்ணையில் அந்தக் குயவரின் மகனாக இருக்க வேண்டும், அவருக்கே தலை நரைத்திருந்தது. வழக்கம்போலத் தட்டிப் பார்த்தேன். "தண்ணிக்காங்கய்யா?" என்றார். தயங்கி, "இல்ல, ஸ்பீக்கருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனபடியே, "வாய் எத்தன இஞ்சு, ஆறா எட்டா?" என்று கேட்டார்.