சில காம்பராக்களுக்கு மட்டும் வாடகை

கேள்வி: இலங்கையின் ஹட்டன் தேயிலைத் தோட்டங்களில் மாணவர்கள் வாங்கும் மலிவான ‘சமூக ஊடகப் பொதி’யும் இணையம்தானே?

பதில்: இல்லை, அது இணையம் என்னும் பெருவீட்டின் ஓரிரு காம்பராக்களுக்குச் செலுத்தும் வாடகை மட்டுமே. ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குறிப்பு அதில் திறக்கும். அக்குறிப்பிலுள்ள பரீட்சைத் திணைக்கள இணைப்பை அழுத்தினால், வேறு டேட்டா இல்லாத மாணவர் அங்கேயே நின்றுவிடுவார். கம்பிவழி அகலப்பட்டை எட்டாத லயங்களில் கைபேசியே ஒரே வழி என்பதால், எல்லாத் தளங்களையும் விலையிலும் வேகத்திலும் சமமாக நடத்தவேண்டும் என்னும் ‘இணைய நடுநிலைமை’ அங்கேதான் அவசரமாகத் தேவைப்படுகிறது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் விதிப்பதை 2016 பெப்ரவரி 8 அன்று தடைசெய்ததால், சில தளங்களை மட்டும் இலவசமாகத் திறந்த ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ திட்டமே அங்கு நின்றுபோனது. இலங்கையின் அடிப்படைத் தொலைத்தொடர்புச் சட்டமோ, இத்தகைய கேள்வி எழுவதற்கே இடமில்லாத காலத்தில், நாட்டில் வணிக இணையம் தொடங்குமுன்பே, 1991இல் இயற்றப்பட்டது.