ஆயிரத்துக்கு இரண்டு

நம்மூர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் 'கவனித்தால்' ரசீது கிடைக்காது. அமெரிக்கக் கோடீஸ்வரர்கள் நாகரிகமானவர்கள். வக்கீல் வைத்து, சமரச ஒப்பந்தம் எழுதி, பத்திரிகைகளுக்குச் செய்திக்குறிப்பும் அனுப்பிவிட்டுத்தான் பணத்தை நீட்டுகிறார்கள். வாங்கிக்கொண்டவர் நாட்டின் ஜனாதிபதி. கொடுத்தது சி.பி.எஸ். தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான பாராமவுண்ட். எதற்காக என்று யாராவது கேட்டால், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

2024 அக்டோபரில் சி.பி.எஸ்.ஸின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி ஜனாதிபதி வேட்பாளர் கமலா ஹாரிஸைப் பேட்டி கண்டது. இஸ்ரேல் பற்றிய ஒரு கேள்விக்கு அவர் நீளமாகப் பதில் சொன்னார். அந்தப் பதிலின் ஒரு துண்டு '60 மினிட்ஸி'லும் இன்னொரு துண்டு வேறொரு நிகழ்ச்சியிலும் ஓடியது. அரை மணி நேரப் பேச்சை அரை நிமிடமாக வெட்டுவது எல்லாச் செய்தி அறைகளிலும் தினமும் நடக்கும் வேலை. டொனால்ட் ட்ரம்பின் கண்ணுக்கு அது தேர்தல் சதியாகத் தெரிந்தது. டெக்சாஸில் வழக்குப் போட்டு 10 பில்லியன் டாலர் கேட்டார். மனசு ஆறவில்லை, பிறகு அதை 20 பில்லியன் ஆக்கினார். இடையில் அந்தத் தேர்தலில் அவரே ஜெயித்தும்விட்டார். ஜெயித்தவர் கேட்கும் நஷ்டஈடு இவ்வளவு என்றால், தோற்றிருந்தால் கலிபோர்னியாவையே எழுதிக் கேட்டிருப்பார் போலிருக்கிறது.

வழக்கில் சாரமே இல்லை என்று பாராமவுண்டே நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது. அது 2025 மார்ச். ஜூலை பிறந்தபோது அதே நிறுவனம் 16 மில்லியன் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டது. வக்கீல் செலவு போக மிச்சம் ட்ரம்பின் வருங்கால நூலகத்துக்காம். புத்தகத்தின் மேல் இவ்வளவு பிரியமுள்ள மனிதரை நாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோம்.

மார்ச்சுக்கும் ஜூலைக்கும் நடுவே சட்டம் மாறவில்லை. ஆனால் ஒரு கையெழுத்து வராமலே இருந்தது. ஷாரி ரெட்ஸ்டோன் தன் குடும்பப் பிடியில் இருந்த பாராமவுண்டை ஸ்கைடான்ஸ் நிறுவனத்தோடு இணைத்துவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்த்தார். வியாபாரம் 8 பில்லியன் டாலர். குடும்ப நிறுவனத்துக்கு மட்டும் 2.4 பில்லியன். சி.பி.எஸ். கையில் உள்ள உள்ளூர் நிலையங்களின் உரிமம் கைமாற எஃப்.சி.சி. என்ற தகவல் தொடர்பு ஆணையம் ஒப்புதல் தர வேண்டும். ஆணையத்தின் தலைவர் பிரெண்டன் கார், ட்ரம்ப் அமர்த்தியவர். முந்தைய தலைவர் போகும்போது தள்ளுபடி செய்துவிட்டுப் போன 'செய்தித் திரிப்பு'ப் புகாரை, நாற்காலியில் உட்கார்ந்த சில நாட்களிலேயே தூசி தட்டி எடுத்து மேசைமேல் வைத்தவர். வழக்குக்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை என்று அவரும் சொன்னார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 பில்லியனுக்கு 16 மில்லியன் என்றால் ஆயிரத்துக்கு இரண்டு. வீடு பார்த்துத் தரும் தரகர்கூட நூற்றுக்கு இரண்டு கேட்பார். எழுபதாண்டு கால மரியாதையை அதில் பத்தில் ஒரு பங்குக்கு முடித்துவிட்டார்கள். 1954இல் செனட்டர் மெக்கார்த்தியின் முகத்துக்கு நேரே செய்தியாளர் எட்வர்ட் மரோ விரல் நீட்டியது இதே சி.பி.எஸ்.ஸில்தான். விற்றவர்களுக்கு அது கணக்கில் வராத சொத்து.

'60 மினிட்ஸி'ன் நிர்வாகத் தயாரிப்பாளர் பில் ஓவன்ஸ், சுதந்திரமாக முடிவெடுக்க விடவில்லை என்று சொல்லி ஏப்ரலிலேயே எழுந்து போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் முதுகெலும்பு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஜூலை 14 அன்று, சி.பி.எஸ்.ஸின் சொந்த நகைச்சுவையாளர் ஸ்டீபன் கோல்பேர், இந்தப் பணத்துக்கு லஞ்சம் என்று பெயர் என்று அதே சேனலில் சொன்னார். 17ஆம் தேதி, அவருடைய நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடிகிறது என்று அறிவிப்பு வந்தது. முழுக்க முழுக்க நிதிக் காரணமாம். அந்த நேரத்து நிகழ்ச்சிகளில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். 24ஆம் தேதி, இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் எஃப்.சி.சி. இணைப்புக்கு ஒப்புதல் கொடுத்தது. எதிர்த்து வாக்களித்த ஒருவர் ஆனா கோமஸ். புது முதலாளிகளிடமிருந்து விளம்பரமாக இன்னும் 20 மில்லியன் வரும் என்று ட்ரம்ப் தானே எழுதி மகிழ்ந்தார். காசை எண்ணி முடித்ததும் ஊரைக் கூப்பிட்டுக் காட்டும் பழக்கம் அவருக்கு உண்டு.

இந்தச் சந்தைக்கு விலை குறித்தது டிஸ்னி. 2024 டிசம்பரிலேயே தன் ஏ.பி.சி. தொலைக்காட்சி மீது ட்ரம்ப் போட்ட ஒரு வழக்கை முடிக்க 15 மில்லியனை அதே நூலகத்துக்கு எழுதியது. 2025 செப்டம்பரில், ஏ.பி.சி.யின் நகைச்சுவையாளர் ஜிம்மி கிம்மலின் பேச்சு பிடிக்காமல் பிரெண்டன் கார் வெளிப்படையாக மிரட்டினார். நெக்ஸ்டார் என்ற நிறுவனம் தன் நிலையங்களில் கிம்மலை உடனே நிறுத்தியது. டெக்னா நிறுவனத்தை 6.2 பில்லியனுக்கு வாங்க அதே காரின் ஒப்புதலுக்காகக் காத்திருந்த நெக்ஸ்டாரும், ஆணையத்துக்கும் தங்கள் முடிவுக்கும் சம்பந்தமில்லை என்றது. ஏ.பி.சி.யும் நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்வையாளர்கள் டிஸ்னி சந்தாவை ரத்து செய்யத் தொடங்கிய பிறகு ஒரு வாரத்துக்குள் கிம்மல் திரும்பி வந்தார்.

சி.பி.எஸ்.ஸுக்கு இந்த நோய் புதிதல்ல. 1995இல் ஜெஃப்ரி வைகண்ட் என்ற முன்னாள் புகையிலை நிறுவன அதிகாரி அளித்த பேட்டியை, வழக்கு வருமென்று பயந்து '60 மினிட்ஸ்' நிறுத்தி வைத்தது. வெஸ்டிங்ஹவுஸுக்கு சி.பி.எஸ். விலை பேசப்பட்டுக்கொண்டிருந்த வருடம் அது. சிகரெட் கம்பெனிக்குப் பயந்தார்கள், சரி, அடுத்த ஆண்டாவது ஒளிபரப்பினார்கள். இப்போது பயப்படுகிறார்கள் என்று சொல்வதே இவர்களுக்குக் கொடுக்கும் சலுகை. பயந்தவனுக்குக் கை நடுங்கும். 2.4 பில்லியன் எண்ணியவர்களுக்கு நடுங்கவில்லை.

பாராமவுண்டை வாங்கியவர் ஆரக்கிள் லாரி எலிசனின் மகன், ஸ்கைடான்ஸின் டேவிட் எலிசன். ஒப்புதலுக்கு ஈடாக, பாரபட்சப் புகார்களை விசாரிக்க ஒரு குறைகேள் அதிகாரியை அமர்த்துவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அமர்த்தினார்: கென்னத் வைன்ஸ்டைன். ஜப்பானுக்குத் தூதராக அனுப்ப ட்ரம்ப் முன்பு முன்மொழிந்திருந்த அதே வைன்ஸ்டைன். அக்டோபரில், தொலைக்காட்சிச் செய்தி அறை எதையும் நடத்தியிராத பேரி வைஸ், சி.பி.எஸ். செய்தியின் தலைமை ஆசிரியர் ஆனார். டிசம்பரில், ட்ரம்ப் அரசு நாடு கடத்தியவர்கள் எல் சால்வடார் சிறையில் பட்ட பாட்டைப் பற்றிய '60 மினிட்ஸ்' செய்தித் தொகுப்பை, ஒளிபரப்புக்குச் சில மணி நேரம் இருக்கையில் அவர் நிறுத்தினார். வக்கீல்கள் சரிபார்த்த தொகுப்பு அது. அரசுத் தரப்பு இன்னும் பேசவில்லை என்பது குறையாம். வாயைத் திறக்காமலிருந்தாலே செய்தி நின்றுவிடும் என்றால், இனி எந்த அமைச்சர் வாயைத் திறப்பார்? நல்லவேளையாக, கனடாவுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அங்கே தொகுப்பு ஓடிவிட்டது. அமெரிக்கச் செய்தியை அமெரிக்கர்கள் கனடாவிலிருந்து திருடிப் பார்த்தார்கள்.

அதே டிசம்பரில் எலிசன், சி.என்.என். உள்ளிட்ட வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி முழுவதுக்கும் 108 பில்லியன் டாலர் விலை சொன்னார். பணம் போட முன்வந்தவர்களில் ட்ரம்பின் மாப்பிள்ளை ஜாரெட் குஷ்னரின் நிறுவனமும் ஒன்று. ஊர் பேச ஆரம்பித்ததும் மாப்பிள்ளை விலகிக்கொண்டார். மாமனார் விலகவில்லை. சி.என்.என். கைமாற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பழைய விகிதப்படி இதற்கு 216 மில்லியன் ஆகிறது. நூலகத்தில் அலமாரி போதுமா என்று யாராவது விசாரித்து வைப்பது நல்லது.