முத்திரை ஆய்வாளர்

தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையில் முத்திரை ஆய்வாளர் என்றொரு பதவி உண்டு. கடைத் தராசு ஒழுங்காக நிற்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது அவர் வேலை. மின்னணுத் தராசு என்றால் ஆண்டுக்கு ஒருமுறை காட்டினால் போதும். மனிதர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. காதுகுத்து, வளைகாப்பு, கிரகப்பிரவேசம், பதினாறாம் நாள் காரியம் என்று எங்கே தலையைக் காட்டினாலும் அங்கே ஒருவர் முத்திரையோடு காத்திருப்பார். எங்கள் குடும்பத்தில் அந்தப் பதவி பெரியத்தையுடையது. உங்கள் குடும்பத்தில் ஒரு சித்தியிடமோ, தாலுகா ஆபீஸில் ஓய்வுபெற்ற மாமாவிடமோ இருக்கலாம். காலியாக இருக்க வாய்ப்பில்லை.

பெரியத்தையின் அலுவலகம் மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில். கண்புரை ஆபரேஷன் ஆனவர். பத்திரிகையில் முகூர்த்த நேரம் பார்க்கக் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவளின் இடுப்பில் மூன்று கிலோ ஏறியிருப்பதைக் கண்ணாடி இல்லாமலே சொல்லிவிடுவார். கைவசம் இருப்பவை இரண்டே முத்திரைகள். ஒன்று, "என்னடி இப்படி உடம்பு போட்டுட்டே?" மற்றது, "என்னடி இப்படி இளைச்சுத் துரும்பாயிட்டே?" போன மாதம் இருந்தபடியே இருந்தாலும் இரண்டில் ஒன்று விழத்தான் செய்யும். எது என்பது அன்றைக்கு நீங்கள் கட்டியிருப்பது பட்டா, வாயில் சேலையா என்பதைப் பொறுத்தது. மனசுக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும், "பூசினாப்ல இருக்கே" என்று கொஞ்சம் தள்ளுபடி உண்டு.

அதிகாரியின் இன்னொரு முகம் பந்தியில் தெரியும். வாசலில் தீர்ப்புச் சொன்ன அதே வாய், இலைக்கு எதிரே வந்து நின்றுகொண்டு, "ஏம்ப்பா, இந்தப் பொண்ணுக்கு இன்னொரு ஜாங்கிரி வை" என்று அதட்டும். வேண்டாம் அத்தை என்று கையைக் குறுக்கே வைத்தால் முகம் வாடிவிடும். "கல்யாண வீட்டுல என்னடி டயட்டு?"

நியாயம் அவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 1960களின் அரிசித் தட்டுப்பாட்டில் வளர்ந்தவர். அவர் பார்த்த உலகத்தில், பம்பாய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண் கன்னம் உப்பித் திரும்பி வந்தால் மாப்பிள்ளை தங்கமானவர் என்று பொருள். இளைத்து வந்தால் பஞ்சாயத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும். 1990களில்கூட நிலைமை அவ்வளவு கெட்டுவிடவில்லை. குஷ்புவுக்குத் திருச்சியில் ரசிகர்கள் கோயில் கட்டினார்கள். புசுபுசுவென்று வெந்து வரும் இட்லிக்கு அவர் பெயரையே வைத்தோம், வசவாக அல்ல, வாயூறத்தான். பெரியத்தை அப்போதும் எடை சொல்லிக்கொண்டுதான் இருந்தார், ஆனால் அதைக் கேட்டவர்கள் வெட்கத்தோடு சிரித்தார்கள். அப்புறம் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை வந்தது. தெருவுக்கு ஒரு ஜிம் வந்தது. முத்திரை அதேதான், மை மட்டும் சிவப்பாகிவிட்டது.

என் தங்கை மாட்டிக்கொண்டது இந்தச் சிவப்பு மைக் காலத்தில். அவளுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாது. டாக்டர் பிரட்னிசொலோன் எழுதிக் கொடுத்தார். விரல் மடங்கியது. கூடவே பசி பிய்த்துக்கொண்டு வந்தது, உடம்பில் நீர் கோத்தது, முகம் பௌர்ணமி ஆனது. ஸ்டீராய்டின் குணம் அப்படி, கொழுப்பைக் கொண்டுபோய் முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் குடிவைக்கும். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தாள். கன்னம் அசைந்து கொடுக்கவில்லை.

இதை அவள் பெரியத்தையிடம் பொறுமையாக விளக்கினாள். விளக்கியிருக்கக் கூடாது. "எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலைதான். இன்னைக்கே நிறுத்து. கொள்ளு ரசம் வை. வெறும் வயித்துல வெந்நீர்ல தேன் விட்டுக் குடி." கொள்ளு ரசத்தின் மேல் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை, மழைநாளில் சுடச்சுடக் கிடைத்தால் இரண்டு டம்ளர் குடிப்பேன். ஆனால் வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுக்கிறவர் திடுமென்று நிறுத்தினால், அதுவரை வேலையில்லாமல் உறங்கிக்கிடந்த அட்ரினல் சுரப்பி உடனே எழுந்து வராது. ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் பெரியத்தையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

இந்தத் துறையில் இப்போது இளநிலை அதிகாரிகளும் சேர்ந்திருக்கிறார்கள். பெரியத்தையின் மாப்பிள்ளை ஒருவர், கையில் ஸ்மார்ட் வாட்ச். அவர் குண்டு என்ற சொல்லையே உச்சரிக்க மாட்டார், பண்பானவர். "உங்க பி.எம்.ஐ. எவ்வளவு?" என்று மட்டும் கேட்பார். தங்கைக்கு 24. உலகக் கணக்கில் 25 வரை பரவாயில்லை, நம்மூர்க் கணக்கில் 23 தாண்டினாலே அதிகம் என்றார். ஆக, விமானம் ஏறினால் சரியான எடை, மீனம்பாக்கத்தில் இறங்கினால் கூடுதல் எடை. அவர் சொன்னது பொய்யல்ல. நம்மவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்புச் சேருவதும் சர்க்கரை வருவதும் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுவதால்தான் அந்த 23. அவர் சொல்லாமல் விட்ட விஷயம் வேறு. 1830களில் இந்தக் கணக்கைப் போட்ட பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் கெட்லே மருத்துவரே அல்ல, வானியலும் புள்ளியியலும் படித்தவர். ஊர் மொத்தத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பி.எம்.ஐ. என்ற பெயரே 1972இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்கர் வைத்தது. சதை எது, கொழுப்பு எது, மாத்திரையால் கோத்த நீர் எது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. அதைவிட உபயோகமானது இடுப்பைச் சுற்றி ஒரு டேப். நம் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. இதைச் சொன்னதும் மாப்பிள்ளை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டார்.

தங்கைக்கு உண்மையில் ஆறுதல் கிடைத்தது தையல்காரம்மாவிடம். அவருடைய தொழிலே அளவெடுப்பதுதான். தோளிலிருந்து டேப்பை உருவி, சுற்றி, எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. பழைய ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "உள்ளே துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். பிரிச்சா ரெண்டு இஞ்ச் வரும்மா" என்றார். அவ்வளவுதான், அங்கே விவகாரம் முடிந்தது. உடம்பு என்றால் கூடும், குறையும் என்று தெரிந்து, தைக்கும்போதே இடம் விட்டு வைத்த ஒரே ஆள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீரோவின் மேல்தட்டைக் காலி செய்தாள். இளைத்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று எத்தனையோ வீடுகளில் ஒரு தட்டு இருக்கும். திறக்கும்போதெல்லாம் அது ஏசிக்கொண்டே இருக்கும். இருப்பதற்குத் தக்கபடி புதிதாக நாலு சுடிதார் எடுத்தாள். தினமும் காலையில் எடை பார்ப்பதையும் விட்டுவிட்டாள். முந்தின நாள் ஊறுகாய் கூடிப்போனாலே மறுநாள் முள் ஒரு கிலோ ஏறி நிற்கும், அதற்குப் போய் ஒரு பகல் முழுக்க அழுவானேன்? நடக்கிறாள், டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரை போடுகிறாள், போட்டோ எடுக்கும்போது கடைசி வரிசைக்கு ஓடுவதில்லை.

பெரியத்தைக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பாக்கி. சிரித்துப் பார்த்தாள், அத்தை குரலை உயர்த்திப் பக்கத்து வரிசைக்கும் அறிவித்தார். "ஆமா அத்தை, ரேஷன்ல நல்ல அரிசி போடறாங்க" என்று சொல்லிப் பார்த்தாள், எந்தக் கடை என்று விசாரித்தார். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், முத்திரை மேலெழும்பும் முன்பே முந்திக்கொண்டாள்.

"உங்க முழங்கால் எப்படி இருக்கு அத்தை?"

அவ்வளவுதான். ஆய்வு நின்றது. பெரியத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மாடிப்படி, தைலம், எக்ஸ்ரே என்று ஆரம்பித்துப் புது டாக்டர் வரைக்கும் வந்தார்.

"உள்ள போனதும் மிஷின்ல ஏறுங்கன்னான்டி. ஒரு கிலோ குறைச்சா நடக்கிறப்போ முட்டிக்கு நாலு கிலோ பாரம் குறையுமாம்."

"சரியாத்தானே அத்தை சொல்லியிருக்கார்?"

"என்னத்தச் சரி? வயசான பொம்பளை ஒருத்தி வந்து நிக்கிறா. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்ல, சாப்பிட்டீங்களான்னு ஒரு கேள்வி இல்ல. எடுத்த எடுப்புல எடையைப் பத்திப் பேசுறான். மனுசங்ககிட்ட எப்படிப் பேசணும்னே இந்தக் காலத்துப் பசங்களுக்குத் தெரியலடி!"