கல்லீரலில் குடியிருக்கும் தைரியம்

கேள்வி: ஜப்பானியர் தீரனையும் கோழையையும் எவ்வாறு வர்ணிக்கிறார்கள்?

பதில்: தைரியத்தின் வாசஸ்தலம் கல்லீரலே என்று கொண்ட ஜப்பானியர், அஞ்சாதவனைக் கல்லீரல் பருத்தவன் என்னும் பொருள்பட ‘கிமோ கா ஃபுதொய்’ என்று சிலாகித்து, பயந்தாங்கொள்ளியைக் கல்லீரல் சிறுத்தவன் என்று ஒதுக்கி, அத்தோடும் மனம் ஆறாமல், அவனுக்கு வாய்த்தது தெள்ளுப்பூச்சியின் இருதயம் என்று ‘நொமி நோ ஷின்ஸோ’ என்ற பட்டத்தையும் சூட்டிவிடுகிறார்கள். கோடைகால இரவுகளில் சிறுவர்களை ஓரிருவராக மயானத்துக்கோ பாழடைந்த ஆலயத்துக்கோ அனுப்பித் துணிவைச் சோதிக்கும் விளையாட்டுக்கும் ‘கிமோதமேஷி’, அதாவது கல்லீரல் பரீட்சை, என்றே பெயர்! கோழைத்தனத்தைக் குறிக்கும் ‘ஒகுபியோ’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தோ நோய் என்றே பொருள்படும். ஏச்சுக்களை எல்லாம்விட இதுவே கருணை மிகுந்தது என்பேன், நோயாளியை யாரும் பழிப்பதில்லை அல்லவா?